லிபரல் என்றால் யார்? ஆஸ்திரேலியாவில் புதிதாக ஓட்டுப் போடப் போகிறவர்களுக்கு

2023 அக்டோபர் தொடக்கத்தில் டொரண்டோவிலிருந்து அத்தை மகன் போனில் கூப்பிட்டான். "மச்சான், உங்க ஊர்ல பூர்வகுடிகளுக்காக ஏதோ ஓட்டெடுப்பாமே. லிபரல்தான கொண்டுவந்தாங்க?" என்றான். "லிபரல்தாண்டா வேண்டாம்னு போடச் சொல்றாங்க" என்றேன். "சும்மா இரு, லிபரல் எப்படி வேண்டாம்னு சொல்லும்?"

நான் மெல்பர்னில் குடியுரிமை வாங்கிய புதிது. இந்த நாட்டில் என் முதல் ஓட்டே அந்தப் பொதுவாக்கெடுப்புதான். பத்து நிமிடம் இருவரும் கத்திய பிறகுதான் விஷயம் பிடிபட்டது. அவன் சொன்ன லிபரலுக்கும் நான் சொன்ன லிபரலுக்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான், மற்றபடி ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

புதிதாக வந்தவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இது. பூர்வீகக் குடிமக்களின் அங்கீகாரம் போன்ற ஒரு கேள்வி வாக்குச்சீட்டுக்கு வரும்போது, ஊரிலிருந்து கொண்டுவந்த கட்சி அகராதியை வைத்துக்கொண்டு படித்தால் எல்லாம் தலைகீழாகத் தெரியும். பூர்வகுடிகளுக்கு ஓர் ஆலோசனை அமைப்பை அரசியலமைப்பில் சேர்க்கலாமா என்று கேட்ட அந்த 2023 வாக்கெடுப்பையே உதாரணமாக வைத்துக்கொண்டு, எதை எந்த வரிசையில் பார்க்கலாம் என்று சொல்கிறேன்.

1. கட்சிப் பெயரை மொழிபெயர்க்காதீர்கள்

ஆஸ்திரேலிய லிபரல் கட்சி 1944-ல் ராபர்ட் மென்ஸீஸ் முன்னின்று உருவாக்கியது. இங்கே அதுதான் பெரிய வலதுசாரிக் கட்சி. கனடாவின் லிபரல் கட்சி நடுவிலிருந்து கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தது. அமெரிக்காவில் லிபரல் என்ற பெயரில் பெரிய கட்சியே கிடையாது. அங்கே அது ஒரு போக்கின் பெயர், எதிராளி வசைச்சொல்லாகவும் பயன்படுத்துவார். ஜப்பானில் பல பத்தாண்டுகள் ஆண்ட லிபரல் ஜனநாயகக் கட்சி பழமைவாதக் கட்சி. டென்மார்க்கில் 'வென்ஸ்த்ரே' என்றொரு கட்சி இருக்கிறது. அந்தச் சொல்லுக்கே 'இடது' என்றுதான் பொருள், கட்சி இருப்பதோ வலதுபக்கம்.

இதைப் புரிந்துகொள்ள நமக்குத் தமிழிலேயே ஒரு வசதி உண்டு. 'தாராளவாதம்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம், 'தாராளமயம்' என்று இன்னொன்று. முதலாவது தனிமனித உரிமை, சகிப்பு என்ற பக்கம் போகும். இரண்டாவதைக் கேட்டதும் 1991, மன்மோகன் சிங், சந்தை திறப்பு எல்லாம் ஞாபகம் வரும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். அமெரிக்கர் வாயில் லிபரல் என்றால் பெரும்பாலும் முதலாவது, ஆஸ்திரேலியக் கட்சிப் பெயரில் இருப்பது பெரும்பாலும் இரண்டாவது. சில தமிழ்ப் பத்திரிகைகள் இந்தக் கட்சியைத் 'தாராளவாதக் கட்சி' என்று எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கை நடுங்கும். லிபரல் என்றே விட்டுவிடுவது நல்லது.

மற்றப் பெயர்களும் இதே கதைதான். ஆஸ்திரேலியாவில் நேஷனல்ஸ் என்பது கிராமப்புறக் கட்சி, லிபரலின் கூட்டாளி. செய்தியில் வெறுமனே 'கூட்டணி' என்றால் இந்த இரண்டும் சேர்ந்ததுதான். கடல் தாண்டி நியூசிலாந்து போனால் நேஷனல் என்பதே அங்குள்ள பெரிய வலதுசாரிக் கட்சி. 'தேசியம்' என்று மொழிபெயர்த்தால் தமிழ்த் தேசியத்தை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அதேபோல 'ரிபப்ளிகன்' என்றால் இங்கே நாட்டுக்கு மன்னர் வேண்டாம் என்பவர், அவ்வளவுதான். குடியரசு இயக்கத்தை 1990-களில் வழிநடத்திய மால்கம் டர்ன்புல் பின்னாளில் லிபரல் பிரதமரானவர். அப்புறம் 'இடது': நமக்கு அரிவாள் சுத்தியல் இல்லாமல் இடதே கிடையாது. இங்கே லிபரலுக்கு எதிரான பெரிய கட்சியான லேபரையும், சுற்றுச்சூழல் கட்சியான கிரீன்ஸையும் இடது என்கிறார்கள், லேபர் கட்சிக்குள்ளேயே வலது அணி என்று ஒன்று தனியாக இருக்கும்போதும்.

இதை எங்கள் தெரு யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவரிடம் சொன்னபோது சிரித்தார். "எங்கட கட்சிக்கே ரெண்டு மொழியில ரெண்டு பெயர், தம்பி" என்றார். 1949-ல் செல்வநாயகம் தொடங்கியது தமிழில் தமிழரசுக் கட்சி, ஆங்கிலத்தில் ஃபெடரல் பார்ட்டி, அதாவது கூட்டாட்சிக் கட்சி. ஒரு பெயர் அரசு என்றது, மற்றது கூட்டாட்சி என்றது. அவரவர் தமக்குத் தெரிந்த மொழியில் படித்து அவரவர் முடிவுக்கு வந்தார்கள்.

அப்படியானால் கட்சியை எப்படி எடைபோடுவது? இரண்டு வழி சொல்கிறேன். பொதுத்தேர்தலில் வாக்குச்சாவடி வாசலில் ஒவ்வொரு கட்சியும் ஒரு சிறு தாள் நீட்டும். 1, 2, 3 என்று எந்த வரிசையில் எண் போட வேண்டும் என்பதற்கான பரிந்துரை அது. எண்ணை நாம் விரும்பியபடி போடலாம், தாளைக் குப்பைத் தொட்டியிலும் போடலாம். ஆனால் போடுவதற்கு முன் ஒரு கட்சி 2, 3-ஆம் இடத்தை யாருக்குக் கொடுக்கிறது, கடைசி இடத்தை யாருக்குக் கொடுக்கிறது என்று பாருங்கள். யாருக்கு யார் சொந்தக்காரர் என்பது அந்த ஒரு தாளில் தெரிந்துவிடும். இரண்டாவது, 'தே வோட் ஃபார் யூ' என்ற இணையதளம். உங்கள் தொகுதி உறுப்பினர் நாடாளுமன்றத்தில் எந்தெந்த விஷயத்துக்கு எந்தப் பக்கம் வாக்களித்தார் என்று அங்கே தேடலாம்.

2. நிறத்தையும் நம்பாதீர்கள்

இங்கே லிபரல் நீலம், லேபர் சிவப்பு. கனடாவில் லிபரல் சிவப்பு. அமெரிக்காவில் சிவப்பு ரிபப்ளிகனுக்கு. நம்மூர்க்காரர் நீலத்தைப் பார்த்தால் அம்பேத்கரை நினைப்பார். 2022 தேர்தலில் நீலமும் பச்சையும் கலந்த 'டீல்' நிறத்தோடு சில சுயேச்சைகள் ஜெயித்ததிலிருந்து வண்ணப்பெட்டி இன்னும் குழம்பிவிட்டது.

3. 'பழங்குடி' என்ற சொல்லை ஓரமாக வையுங்கள்

தமிழ்நாட்டில் பழங்குடி என்றதும் மனம் பட்டியலுக்குப் போகும்: அரசியலமைப்பின் 342-ஆம் பிரிவு, சாதிச் சான்றிதழ், இட ஒதுக்கீடு. ஆஸ்திரேலியாவில் பேசுவது வேறு. ஆங்கிலேயர் 1788-ல் வந்து இறங்குமுன் இந்த மண் முழுவதிலும் வாழ்ந்த அபாரிஜினல் மக்களும், டோரஸ் நீரிணைத் தீவு மக்களும். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இவர்கள் 3.2 சதவீதம். யாருடைய நிலமும் இல்லை என்ற பாவனையில் பிடிக்கப்பட்ட நாடு இது. அந்தப் பாவனையை உயர்நீதிமன்றம் மாபோ வழக்கில் உடைத்தது 1992-ல்தான். இங்கே உயர்நீதிமன்றம் என்றால் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம். நம் சென்னைக் கணக்கில் படித்துவிடாதீர்கள், இதுவும் ஒரு பெயர்ப் பொறி.

அதனால் 2023-ல் கேட்டது இட ஒதுக்கீடா என்று நம் நண்பர்கள் நிறையப் பேர் கேட்டார்கள். இல்லை. ஒரு நாடாளுமன்ற இடம்கூட அதில் ஒதுக்கப்படவில்லை. ஒதுக்கீட்டுக்குக் கிட்டத்தில் வரும் ஏற்பாடு வேண்டுமென்றால் நியூசிலாந்தைப் பாருங்கள். அங்கே 1867 முதல் மாவோரி மக்களுக்குத் தனித் தொகுதிகள் உண்டு, இப்போது ஏழு. ஆனால் நம் தனித் தொகுதியில் வேட்பாளர்தான் குறிப்பிட்ட பிரிவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும், ஓட்டு எல்லாரும் போடுவார்கள். நியூசிலாந்தில் மாவோரி வாக்காளர் பட்டியலில் பதிந்தவர்கள் மட்டுமே அந்த ஏழு இடங்களுக்கு வாக்களிக்கிறார்கள். 1932 பூனா ஒப்பந்தத்தில் எந்தத் தனி வாக்காளர் முறையைக் கைவிட்டார்களோ ஏறக்குறைய அது.

4. கேள்வியை எழுத்தெண்ணிப் படியுங்கள்

2023 வாக்குச்சீட்டில் இருந்தது ஒரே கேள்வி. அபாரிஜினல் மற்றும் டோரஸ் நீரிணைத் தீவு மக்களின் 'குரல்' என்ற அமைப்பை உருவாக்குவதன் மூலம் ஆஸ்திரேலியாவின் முதல் குடிகளை அங்கீகரிக்கும்படி அரசியலமைப்பைத் திருத்த ஒப்புக்கொள்கிறீர்களா? ஆம் அல்லது இல்லை.

இதில் இரண்டு விஷயம் பின்னிக் கிடக்கிறது. ஒன்று அங்கீகாரம், மற்றொன்று அமைப்பு. அங்கீகாரம் வேண்டும், அமைப்பு வேண்டாம் என்று நினைத்தவருக்குத் தனிப் பெட்டி இல்லை. சேர்க்கப்படவிருந்த புதிய பிரிவை முழுதாக வாசிக்க ஒரு நிமிடம் போதும். அப்படி ஓர் அமைப்பு இருக்கும், தம் மக்கள் சம்பந்தப்பட்ட விஷயங்களில் நாடாளுமன்றத்துக்கும் அரசுக்கும் அது கருத்துச் சொல்லலாம், அதில் யார் இருப்பார்கள், எப்படி நடக்கும் என்பதை நாடாளுமன்றம் சட்டம் போட்டு முடிவு செய்யும். சொல்லும் கருத்தை அரசு கேட்டே ஆக வேண்டும் என்று எங்கும் இல்லை. 'வீட்டோ அதிகாரம் கொடுக்கப் போகிறார்கள்' என்று வாட்ஸாப்பில் வந்தவற்றை அந்த நான்கு வரியோடு ஒப்பிட்டிருந்தாலே பாதிச் சத்தம் அடங்கியிருக்கும். அதேசமயம், விவரம் எல்லாம் பின்னால் வரும் என்று விடப்பட்டிருந்ததும் உண்மை. 'தெரியாவிட்டால் இல்லை என்று போடு' என்ற எதிர்த்தரப்பு வாசகம் குத்தியது அந்த இடத்தில்தான்.

கேள்வியைப் படிக்காமல் முடிவை மட்டும் படித்தால் எப்படி ஏமாறலாம் என்பதற்குக் கனடாவிலிருந்து ஓர் உதாரணம். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2002-ல் பூர்வகுடிகளோடு செய்யும் ஒப்பந்தங்களின் கொள்கை பற்றித் தபாலில் வாக்கெடுப்பு நடத்தினார்கள். எட்டுக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் 80 சதவீதத்துக்கு மேல் ஆம். ஆகா, எவ்வளவு ஆதரவு என்று தோன்றும். கேள்விகளில் ஒன்று இது: ஒப்பந்தங்களுக்காகத் தனியார் சொத்தைப் பறிமுதல் செய்யக் கூடாது, சம்மதமா? சொந்த வீடு வைத்திருக்கும் எவர் இல்லை என்பார்? பூர்வகுடித் தலைவர்கள் அந்த வாக்கெடுப்பையே புறக்கணிக்கச் சொன்னார்கள். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான சீட்டுகள்தான் திரும்பி வந்தன. இதை நடத்திய ஆளுங்கட்சி எது தெரியுமா? லிபரல். கனடாவின் மத்திய லிபரலோடு தொடர்பில்லாத, வலதுபக்கம் சாய்ந்த மாகாண லிபரல். பெயர்க் குழப்பம் அவர்களுக்கே தாங்காமல் 2023-ல் பெயரை மாற்றிக்கொண்டார்கள். என் மச்சானுக்கு இதைச் சொன்னபோது போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

5. எத்தனை ஓட்டு வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஆஸ்திரேலிய அரசியலமைப்பை மாற்ற, நாடு முழுக்கச் சேர்த்துப் பாதிக்கு மேல் ஆம் விழ வேண்டும். அதோடு ஆறு மாநிலங்களில் நான்கிலாவது பாதிக்கு மேல் ஆம் விழ வேண்டும். மாநிலமாக இல்லாத தலைநகர் கான்பராவிலும் வடக்குப் பிராந்தியத்திலும் இருப்பவர்களின் ஓட்டு முதல் கணக்கில் மட்டும் சேரும், இரண்டாவதில் சேராது. 1901 முதல் இதுவரை 45 கேள்விகள் மக்களிடம் போயின, எட்டுதான் தேறின. பெரிய கட்சிகள் இரண்டும் கைகோக்காமல் ஒன்றுகூடத் தேறியதில்லை.

அந்த எட்டில் ஒன்று 1967 மே 27-ல் நடந்தது. 90.77 சதவீதம் ஆம். பூர்வீகக் குடிமக்களுக்காக மத்திய அரசு சட்டம் போடுவதைத் தடுத்த சொற்களும், மக்கள்தொகையைக் கணக்கிடும்போது அவர்களைச் சேர்க்கக் கூடாது என்ற பிரிவும் நீங்கின. 'அப்போதுதான் அவர்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது' என்று குடியுரிமைத் தேர்வுக்குப் படிக்கும் நண்பர்கள்கூடச் சொல்வார்கள். மத்தியத் தேர்தலில் அந்த உரிமை வந்தது 1962-ல், சாதாரணச் சட்டம் வழியாக. 1967-ல் ஆட்சியில் இருந்தது லிபரல் கூட்டணி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நாடாளுமன்றத்தில் யாரும் எதிர்க்காததால் 'இல்லை' தரப்பு வாதமே அன்று அச்சாகவில்லை.

6. யார் எந்தப் பக்கம் என்பதோடு நிற்காமல், ஏன் என்றும் கேளுங்கள்

'குரல்' யோசனை அரசு அலுவலகத்தில் பிறந்ததில்லை. 2017 மே மாதம் நடு ஆஸ்திரேலியாவின் உலுரு பாறை அருகே கூடிய பூர்வீகக் குடிப் பிரதிநிதிகள் வெளியிட்ட அறிக்கையில் வந்தது. பிரதமர் ஆன்டனி அல்பனீஸியின் லேபர் அரசு அதை வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தது. நேஷனல்ஸ் 2022 நவம்பரிலும், பீட்டர் டட்டன் தலைமையிலான லிபரல் 2023 ஏப்ரலிலும் எதிர்க்க முடிவு செய்தன. இதோடு படம் முடிந்தால் லேபர் ஆம், லிபரல் இல்லை என்று எழுதிவிட்டுப் போகலாம். முடியவில்லை.

லிபரல் நிழல் அமைச்சராக (எதிர்க்கட்சியில் ஒரு துறையைக் கவனிப்பவர்) இருந்த ஜூலியன் லீசர் அந்தப் பதவியை விட்டுவிட்டு 'ஆம்' பக்கம் பிரசாரம் செய்தார். பூர்வீகக் குடி விவகாரத் துறைக்கு அமைச்சரான முதல் பூர்வீகக் குடிமகன் கென் வயட் லிபரல்காரர். கட்சியின் முடிவைக் கேட்டு அவர் கட்சியை விட்டே விலகினார். டாஸ்மேனியாவின் லிபரல் முதல்வர் ஜெரமி ராக்லிஃப் 'ஆம்' என்றார். மறுபக்கம், 'இல்லை' தரப்பின் முன்வரிசை முகமான செனட்டர் ஜசிந்தா நம்பிஜின்பா பிரைஸ் பூர்வீகக் குடிப் பெண். இன அடிப்படையில் நாட்டைப் பிரிக்கக் கூடாது என்பது அவர் பக்கத்து வாதம். செனட்டர் லிடியா தார்ப்பும் பூர்வீகக் குடிப் பெண்தான், அவரும் 'இல்லை' என்றார், ஆனால் நேர் எதிரான காரணத்துக்காக: ஆலோசனை சொல்லும் அமைப்பு போதாது, முதலில் அரசு பூர்வகுடிகளோடு ஒப்பந்தம் போட வேண்டும். இதற்காகவே கிரீன்ஸ் கட்சியை விட்டு வெளியே வந்தவர். ஒரே 'இல்லை', உள்ளே இரண்டு உலகம். அலுவலகத்தில் ஒருவர் 'நான் இல்லை போட்டேன்' என்றால் அவர் எந்த 'இல்லை' என்று கேட்காமல் ஒரு முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

தொகுதிவாரியாகப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. மென்ஸீஸே பல ஆண்டுகள் உறுப்பினராக இருந்த மெல்பர்னின் கூயாங் தொகுதி ஆம் என்றது. சிட்னி துறைமுகத்தை ஒட்டிய வென்ட்வர்த், வாரிங்கா போன்ற பழைய லிபரல் கோட்டைகளும் அப்படியே. நம் ஆட்கள் நிறைய வசிக்கும் பரமட்டா உட்பட, மேற்கு சிட்னியில் லேபர் கையில் இருந்த தொகுதிகள் இல்லை என்றன. கட்சியின் பெயரைவிட வீட்டு வாடகையும் கல்வியும் எங்கே குடியிருக்கிறோம் என்பதும் அதிகம் பேசின என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

7. வாக்குச்சாவடிக்குப் போகும்போது

வாக்கெடுப்புக்கு முன் தேர்தல் ஆணையம் வீட்டுக்கு ஒரு சிறு புத்தகம் அனுப்பும். ஆம் தரப்புக்கு 2000 சொல், இல்லை தரப்புக்கு 2000 சொல். இரண்டையும் எழுதுவது அந்தந்தப் பக்கத்து நாடாளுமன்ற உறுப்பினர்கள். ஆணையத்தின் முத்திரையோடு வருவதால் உள்ளே இருப்பதெல்லாம் ஆணையம் சரிபார்த்தது என்று நினைக்க வேண்டாம். வந்தபடி அச்சடிப்பதுதான் அவர்கள் வேலை.

ஓட்டுப் போடுவது கட்டாயம், தவறினால் 20 டாலர் அபராதம். நாள் எப்போதும் சனிக்கிழமை, காலை 8 முதல் மாலை 6 வரை. அடையாள அட்டை கேட்க மாட்டார்கள். நான் பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், மின்கட்டண ரசீது எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன். ஒரு தொடக்கப் பள்ளிக் கூடம். மேசையில் இருந்த பாட்டி பெயரும் முகவரியும் கேட்டார், இந்த வாக்கெடுப்பில் ஏற்கெனவே ஓட்டுப் போட்டாயிற்றா என்று கேட்டார், பட்டியலில் கோடு போட்டார், சீட்டைக் கொடுத்தார். உறையை யாரும் பார்க்கவே இல்லை. அட்டையில் மடித்த மறைப்பு, உள்ளே ஒரு பென்சில். இயந்திரமும் இல்லை, பீப் சத்தமும் இல்லை.

கட்டத்துக்குள் 'யெஸ்' அல்லது 'நோ' என்று ஆங்கிலத்தில் எழுத வேண்டும். பள்ளிக்கூட ஞாபகத்தில் டிக், பெருக்கல் குறி போடாதீர்கள். டிக் போட்டால் ஆம் என்று எடுத்துக்கொள்ளலாம், பெருக்கல் குறி போட்டால் செல்லாது என்று ஆணையம் சொன்னதும் அது ஏற்றத்தாழ்வு என்று வழக்கே நடந்தது. வழக்குப் போட்டவர் தோற்றார். சொல்லாக எழுதிவிட்டால் வம்பே இல்லை.

விரலில் மை வைக்க மாட்டார்கள். எனக்கு அது என்னவோ போல் இருந்தது, வெளியே வந்து இடது ஆள்காட்டி விரலை இரண்டு தரம் பார்த்துக்கொண்டேன். அதற்குப் பதில் வாசலில் பெற்றோர் சங்கத்தார் சாசேஜ் சுட்டு ரொட்டித் துண்டில் வைத்து விற்பார்கள். வெங்காயம் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

8. முடிவு வந்த பிறகும் செய்தி படியுங்கள்

2023 அக்டோபர் 14 இரவு முடிவு தெரிந்தது. இல்லை 60.06 சதவீதம், ஆம் 39.94. ஆறு மாநிலங்களும் இல்லை. கான்பரா மட்டும் ஆம். வடக்குப் பிராந்தியத்தின் தொலைதூரப் பூர்வீகக் குடி ஊர்களுக்கு நடமாடும் வாக்குச்சாவடிகள் போயின, அவற்றில் பல ஆம் என்று குவித்தன. ஆணையத்தின் தளத்தில் உங்கள் தெருமுனைப் பள்ளியின் கணக்குவரை தனியாகப் பார்க்கலாம்.

அரசியலமைப்புக் கதவு சாத்தியதோடு எல்லாம் முடிந்துவிட்டதாகப் பலர் நினைத்தார்கள். அது மத்திய வழி மட்டும்தான். மாநிலங்கள் சாதாரணச் சட்டத்தால் செய்துகொள்ள முடியும், அதற்குப் பொதுவாக்கெடுப்பு வேண்டியதில்லை. தெற்கு ஆஸ்திரேலியா 2023-லேயே தனக்கென ஒரு 'குரல்' சட்டம் போட்டு 2024 மார்ச்சில் அதற்குத் தேர்தலும் நடத்தியது. எங்கள் விக்டோரியா 2025 இறுதியில் ஒப்பந்தச் சட்டமே நிறைவேற்றியது. சட்டத்தால் வருவது சட்டத்தால் போகவும் செய்யும். குயின்ஸ்லாந்தில் ஒப்பந்தத்துக்கான சட்டம் 2023-ல் வந்தது, ஆட்சி மாறியதும் 2024-ல் ரத்தானது. ரத்து செய்த கட்சியின் பெயர் லிபரல் நேஷனல். அங்கே அவை கூட்டணியாக இல்லாமல் ஒரே கட்சியாகவே இணைந்திருக்கின்றன.

நியூசிலாந்துச் செய்தி கண்ணில் பட்டால் அதையும் ஒரு கை பார்த்துவிடுங்கள். பிரிட்டிஷ் அரசும் மாவோரித் தலைவர்களும் 1840-ல் செய்த வைத்தாங்கி ஒப்பந்தத்தின் கொள்கைகளை மறுவரையறை செய்ய ஆக்ட் கட்சி கொண்டுவந்த மசோதா 2025 ஏப்ரல் 10-ல் 112-க்கு 11 என்று தோற்றது. ஆக்ட் அரசில் கூட்டாளி. தோற்கடித்தவர்களில் அதே அரசை நடத்தும் நேஷனலும் உண்டு.

அதே ஏப்ரல் 28-ம் தேதி கனடாவில் பொதுத்தேர்தல், லிபரல் ஜெயித்தது. அத்தை இருக்கும் கும்பகோணத்தில் விடிந்தால் செவ்வாய்க்கிழமை. மே 3 சனிக்கிழமை இங்கே தேர்தல், லிபரல் படுதோல்வி, டட்டனே தன் தொகுதியை இழந்தார். அன்று சாயங்காலம் குடும்ப வாட்ஸாப் குழுவில் அத்தை குரல்பதிவு போட்டார்: "ஏண்டா, செவ்வாய்க்கிழம ஜெயிச்ச கட்சி சனிக்கிழம எப்படிடா தோத்துச்சு?" டொரண்டோவிலிருந்து ஒரு சிரிப்புப் பொம்மை மட்டும் வந்தது. பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது. தட்டச்ச ஆரம்பித்தேன், அது கொஞ்சம் நீண்டுவிட்டது.